மேனேஜரின் பானையும் டெய்லரின் கோடும்

என் வீட்டுக்காரர் கோபக்காரர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் போகப்போக அவரைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். பஸ்ஸில் யாராவது இவர் காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். வரிசையில் ஒருவர் இடையில் நுழைந்தால் இன்னும் கொஞ்சம் இடம் விட்டு நிற்பார். ஆனால் அவருடைய தையல் அறைக்குள் ஒருவர் காலை வைத்துப் பார்க்கட்டும்!

ஹாலின் இடது பக்கம் இருக்கிறது அந்த அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதன் வாசலில், துணியில் குறி போடும் சாக்பீஸால் ஒரு வெள்ளைக் கோடு. தினமும் காலையில் முதல் வேலையாகக் குனிந்து அதைப் புதுப்பிப்பார். அளவு கொடுக்க வருகிறவர், துணி வாங்க வருகிறவர், ஃபேன் ரிப்பேர் பார்க்க வருகிறவர், யாராக இருந்தாலும் கோட்டுக்கு வெளியேதான். ஃபேனையே கழற்றி ஹாலுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்.

"யாராவது உள்ள வந்தா கத்திரி இடம் மாறிடும்."

இப்படிப்பட்ட மனிதரை நான் எப்படிக் கட்டிக்கொண்டேன் என்று என் அம்மா இன்னமும் கேட்கிறாள். காரணம் அந்த அறைதான். நான் மீன் காட்சியகத்தில் வேலை பார்க்கிறேன். தொட்டி கழுவுவது, தீனி போடுவது, சீக்கு வந்த மீனைத் தனியாகப் பிரிப்பது என் வேலை. என் யூனிஃபார்ம் சட்டை இரண்டு ஆள் நுழைகிற மாதிரி இருந்தது. பிடித்துக் கொடுக்கச் சொல்லிப் போனேன். கோட்டுக்கு வெளியே நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தேன். நூல்கண்டுகள் நிறவாரியாக அடுக்கியிருந்தன. வெட்டிய துணிகள் பெயர்ச்சீட்டோடு தொங்கின. தரையில் ஒரு குண்டூசி கிடையாது. இவ்வளவு சுத்தமாக ஓர் இடத்தை வைத்திருக்கிற ஆள் எப்படியிருப்பான் என்று அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். முகமும் பரவாயில்லை.

அடுத்தடுத்து நான்கு சட்டைகளைப் பிடிக்கக் கொடுத்தேன். மூச்சு விட முடியாத அளவுக்கு எல்லாச் சட்டையும் இறுகிப்போன பிறகு, ஐந்தாவது தடவை அவர் காது சிவக்கச் சொன்னார்.

"நீங்க தாண்டி வரலாம்."

அவ்வளவுதான். மோதிரம் இல்லை, கவிதை இல்லை. அந்தக் கோட்டைத் தாண்டிய முதல் ஆள் நான். உடம்பெல்லாம் சிலிர்த்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காட்சியகத்தின் ஒன்பதாம் தொட்டியில் இதே கதைதான் தினமும் நடக்கிறது. விரல் நீளச் சாம்பல் மீன்கள் அவை. ஆண் மீனுக்கு ஒரு பானை வேண்டும். பானை இல்லாதவன் எவ்வளவு மினுமினுத்தாலும் பெண் மீன் ஏறெடுத்தும் பார்க்காது. பானை இருக்கிறவனிடமும் உடனே மயங்கிவிடாது. உள்ளே போய் மேலே கீழே பார்க்கும். பக்கத்துப் பானைக்காரனை இவன் விரட்டி அடிக்கிறானா என்று கவனிக்கும். எல்லாம் திருப்தி என்றால்தான் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். நடுப் பானையைப் பிடித்து வைத்திருக்கிறவனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறோம், யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுவதால். அவனிடம் அடிக்கடி வருகிற பெண் மீன் மகராசி. பானையின் உள்கூரையில் முட்டையை ஒட்டிவிட்டு மகராசி போய்விடுவாள். போய்விடுவாள் என்ன, மேனேஜரே விரட்டிவிடுவான். அப்புறம் ஆறு நாள், முட்டை பொரிகிற வரைக்கும், துடுப்பால் விசிறிக்கொண்டு தனியாளாகக் காவல் இருப்பான்.

இனி என் பிரச்சினைக்கு வருகிறேன்.

எங்கள் பையனுக்கு ஏழு மாதம். என் விடுப்பு இரண்டு தடவை நீட்டித்தாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று காட்சியகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பகலில் பையனை யார் பார்த்துக்கொள்வது? வீட்டிலேயே உட்கார்ந்து தைக்கிறவர் ஒருவர் இருக்கிறாரே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவருக்குத்தான் தோன்றவில்லை.

"நானா? நான் எப்படி? எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"எனக்கு மட்டும் பரீட்சை வச்சா குடுத்தாங்க?"

"உள்ள ஊசி இருக்கு, கத்திரி இருக்கு, இஸ்திரிப்பெட்டி இருக்கு. குழந்தைய எப்படி விடுறது?"

பையன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. தினமும் கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, ஹாலில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து, "என்ன சார், நல்லா இருக்கீங்களா?" என்று விசாரிப்பார். பழைய கஸ்டமரிடம் பேசுவதுபோல. பிறகு போய் மிஷினில் உட்கார்ந்துவிடுவார்.

சரி, பழக்கினால் பழகிவிடுவார் என்று ஒரு நாள் ஒத்திகை வைத்தேன். என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தினமும் வந்து குழந்தையைத் தூக்கித் தூக்கி யோசனை சொல்வார். அவருக்குப் போன் பண்ணி, "அண்ணி, இன்னைக்கு மட்டும் வராதீங்க" என்றேன். வாசலில் "இன்று விடுமுறை" என்று அட்டை மாட்டினேன். பின்னறையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தொட்டிலை அங்கே வைத்து, பால், துணி, கிலுகிலுப்பை எல்லாம் எடுத்துக் கொடுத்து, அப்பனையும் பிள்ளையையும் நிம்மதியாக உட்காரவைத்தேன். ஒரு தொந்தரவும் கிடையாது. இதைவிட வசதி ராஜாவுக்குக்கூடக் கிடைக்காது. அரை நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காட்சியகத்துக்குக் கிளம்பினேன்.

அங்கே போனால் மேனேஜர் முட்டைக்குக் காவல் இருக்கிறான். எலும்பும் தோலுமாக இருந்தான். இடது பக்கத்தில் ஒரு பானைக்காரன், வலது பக்கத்தில் ஒருவன், பின்னால் பானையே இல்லாத போக்கிரி ஒருவன். மூன்று பேரையும் மாறி மாறி விரட்டிக்கொண்டிருந்தான். வாயில் ஒரு பருக்கை தீனி போக நேரமில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம், இவனத் தனியா மாத்திடலாம்" என்றேன் பம்ப்காரரிடம். காட்சியகத்தின் மோட்டார், குழாய், வடிகட்டி எல்லாம் அவர் பொறுப்பு. என் வயதுதான், ஆனால் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார், பாதி கிண்டலாக.

"அவன் கேட்டானா மேடம்?"

"நீங்க சும்மா இருங்க."

பானையோடு சேர்த்து மேனேஜரை நாலாம் தொட்டிக்கு மாற்றினேன். வேறு ஒரு மீன் கிடையாது. அமைதியான தண்ணீர், மங்கிய வெளிச்சம், வேளாவேளைக்குத் தீனி. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது.

மதியம் வீட்டுக்கு வந்தேன். தெருமுனையிலேயே பிள்ளையின் அழுகை கேட்டது. உள்ளே ஓடினால், பின்னறையில் பையன் தொட்டிலில் முகம் சிவந்து, தொண்டை கட்டிப்போய்க் கத்திக்கொண்டிருக்கிறான். தையல் அறையில் கதவு சாத்தியிருக்க, மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

"தூங்கிட்டான். அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல. சரி, ஒரு காலர் முடிச்சிட்டு வரலாம்னு..." என்றார்.

என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. தான் கெட்டவன் என்று ஒப்புக்கொள்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? அன்று சாயங்காலம் முழுக்கப் பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. வேலையை விட்டுவிடுவது என்று முடிவு பண்ணி, அழுதும் முடித்தேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மறுநாள் காலையில் பம்ப்காரர் போன் பண்ணினார்.

"மேடம், உங்க ஆளு முட்டையத் தின்னுட்டான்."

"எது?"

"எல்லாத்தையும். ஒண்ணு மிச்சமில்ல. சாப்பிட்டுட்டு மூலையில சும்மா நிக்கிறான்."

பையனைத் தோளில் போட்டுக்கொண்டு காட்சியகத்துக்கு ஓடினேன். மேனேஜர் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லாமல் என்னைப் பார்த்தான். பானைக்குள் டார்ச் அடித்தேன். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"நாலு வேளை தீனி போட்டோமே! பசியே கிடையாதே!"

"பசி இல்ல மேடம். வேலை இல்ல," என்றார் பம்ப்காரர், வடிகட்டியைக் கழற்றிக்கொண்டே. "அங்க இருந்தப்ப வர்றவன் போறவன விரட்டிக்கிட்டு இருந்தான். இங்க யார விரட்டுவான்? முட்டை இருக்குங்கிறதே மறந்திருப்பான்."

திரும்பக் கொண்டுபோய் ஒன்பதாம் தொட்டியில், அதே நடு இடத்தில், அதே பானையோடு விட்டோம். பக்கத்துப் பானைக்காரன் ஏற்கெனவே அந்த இடத்தை வளைத்துப் போட்டிருந்தான். மேனேஜர் போனான் பாருங்கள்! ஐந்து நிமிஷத்தில் அவனைப் பழைய எல்லைக்குத் துரத்திவிட்டான். நாலே நாளில் மகராசி வந்து முட்டை வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கும் நான் பிள்ளையோடு போய்க் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து அரை மணிநேரம் பார்த்தேன். போக்கிரி நெருங்கினான். மேனேஜர் பாய்ந்தான். திரும்பி வந்து முட்டையை விசிறினான். மறுபடி பாய்ந்தான். மறுபடி விசிறினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் முதலில் முட்டையைக் காக்கவில்லை. பானையைக் காக்கிறான். முட்டை அந்தப் பானைக்குள் இருப்பதால் அப்பா ஆகிவிட்டான். பானை அவனுடையதாக இருக்க வேண்டும், பறிக்க ஒருவன் வர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அப்பா கிடையாது. நான் ஒரே நாளில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே தப்பைச் செய்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்குப் போன் போட்டேன். "அண்ணி, ரொம்ப நாளாச்சே, நாளைக்கு வாங்களேன்."

"நீதானே வராதீங்கன்னு சொன்ன? அதான் அஞ்சாறு நாளா வரல," என்றார் அண்ணி. ஆனாலும் அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

மறுநாள் இவர் பட்டன் வாங்கப் போன சமயத்தில், தொட்டிலைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். வெட்டும் மேஜைக்கும் நூல் அலமாரிக்கும் நடுவில் சரியாகப் பொருந்தியது. பையனை அதில் போட்டேன். மேலே கலர் கலராக நூல்கண்டுகளைப் பார்த்ததும் காலை உதைத்துக்கொண்டு சிரித்தான். நான் வெளியே வந்து, ஒன்றும் தெரியாத பிள்ளைபோலக் கீரை ஆய உட்கார்ந்தேன்.

வந்தார். வாசலில் நின்றார்.

"இது என்ன?"

"பின்னறைல ஈரம். சளி பிடிக்குது."

"அதுக்கு? இங்கயா?"

இஞ்சு டேப்பை எடுத்துத் தொட்டிலின் நீளம், அகலம், மேஜைக்கும் அதற்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் அளந்தார். அளந்துவிட்டுத் தொட்டிலின் காலைப் பிடித்து வெளியே இழுக்கக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் என்றைக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அண்ணிக்கு அந்தக் கோட்டின்மேல் பல வருஷக் கோபம். கூடப்பிறந்த அக்காவுக்கே எல்லையா என்று. நேராக வந்தவர், தொட்டிலைப் பார்த்ததும் விறுவிறுவென்று உள்ளே போனார்.

"அட என் தங்கமே! உன்னை இந்தப் பஞ்சுக் குப்பையிலயா போட்டிருக்காங்க? வா, அத்தை வீட்டுக்குப் போலாம். இந்தா பாரும்மா, திங்கள்லருந்து சனி வரைக்கும் இவன் என்கிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கங்க."

பேசிக்கொண்டே, மேஜைமேல் இருந்த கத்திரியை நகர்த்திவிட்டுத் தன் கைப்பையை வைத்தார். தொட்டிலுக்குள் கையை விட்டார்.

"அக்கா," என்றார் இவர்.

அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. சத்தமில்லை, ஆனால் கனமாக இருந்தது. தொட்டிலுக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"கோடு, அக்கா."

"என்னடா கோடு? பிள்ளையத் தூக்கக் கூடாதா?"

"எதுவா இருந்தாலும் வெளிய நின்னு சொல்லு. இவன் இங்கதான் இருப்பான்."

"நீ பாத்துப்பியா? நீ?"

"என் ரூம்ல இருக்கான். நான்தான் பாத்துக்கணும்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன். கைப்பையை எடுத்துக்கொண்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். இவர் கத்திரியைப் பழைய இடத்தில் வைத்தார். அப்புறம் யோசித்து, எடுத்து உயரமான கொக்கியில் மாட்டினார். குண்டூசி டப்பாவுக்கு மூடி தேடினார். எனக்கு அண்ணியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும்போல இருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன், இரண்டு தடவை.

கெடு வைத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அதற்கப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது.

இவர் அப்பா ஆனார், சாதாரண அப்பா இல்லை. வாரா வாரம் பையனை டேப் வைத்து அளந்து நோட்டில் குறித்தார். இஸ்திரிப்பெட்டியை ஹாலுக்கு மாற்றினார். மிஷின் சத்தம் இருந்தால்தான் பையன் தூங்குகிறான் என்று கண்டுபிடித்து, தைக்கத் துணி இல்லாத நேரத்திலும் வெறும் மிஷினை மிதித்தார். அண்ணி தினமும் வந்து கோட்டுக்கு வெளியே நின்று குறை சொல்வார், இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருப்பார். ஈ எறும்பு நெருங்க முடியாது.

நானும் நெருங்க முடியாது. அதுதான் விஷயம்.

"கையக் கழுவிட்டு வா." "மீன் நாத்தம் வருது, சட்டைய மாத்து." "இப்பதான் கண்ணசந்தான், எழுப்பாத." சாயங்காலம் பறந்தடித்துக்கொண்டு வந்தால் எனக்கு இதுதான் வரவேற்பு. பகலெல்லாம் பிள்ளையை நினைத்து நினைத்து வந்து, கோட்டுக்கு வெளியே அண்ணியின் பக்கத்தில் நிற்பேன். அண்ணி என்னைப் பார்த்து, "நல்லா வேணும்" என்கிற மாதிரி தலையாட்டுவார்.

ஒன்பதாம் தொட்டியில் மகராசி பானைப் பக்கம் வருவாள், மேனேஜர் முட்டித் தள்ளுவான். முன்பெல்லாம் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. "முட்டை இவளோடதுதானே, இவளுக்குமா?" என்று பம்ப்காரரிடம் எரிந்து விழுந்தேன். "மகராசி கவலையே படலையே மேடம், போய் நல்லா சாப்பிடுறா," என்றார் அவர். நான் மீன் இல்லையே. எனக்கு வலித்தது.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். பையன் உள்ளே அவர் மடியில் இருந்தான். அவர் கையைக் காட்டி என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"நான் யாருங்க? கஸ்டமரா? சொல்லுங்க, அளவு குடுத்துட்டுப் போறேன்."

அவர் என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் போய்ச் சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒன்பதாம் தொட்டியில் மகராசி புதிதாக வைத்த முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் பானையை விட்டு வெளியே வந்தன. கடுகு கடுகாக நாலா பக்கமும் சிதறின. மேனேஜர் தவித்துப்போனான். பானையைச் சுற்றிக் காத்தது போதவில்லை. இடது பக்கத்துக்காரனை மூலைவரை துரத்தினான், போக்கிரியைக் கண்ணாடியோடு ஒட்டவைத்தான். மத்தியானத்துக்குள் பாதித் தொட்டி அவனுடையதாகிவிட்டது. வெறும் பானை நடுவில் கிடந்தது. நான் தீனியைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, கால் வலி மட்டும்தான்.

வீட்டு வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். உள்ளே இல்லை, தெருவில்.

"பாரு உன் புருஷன் பண்ற கூத்த!"

குனிந்து பார்த்தேன். எங்கள் வீட்டுத் தெருவாசலில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. திறந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது. தையல் அறை வாசலில் ஒன்றுமே இல்லை. ஈரத்துணியால் துடைத்த தடம் மட்டும் இருந்தது. ஹால் முழுக்கப் போர்வையும் துணித்துண்டுகளும் விரித்துக் கிடந்தன. அதன் நடுவில் என் பையன் முழங்காலை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முன்னே பின்னே ஆடிக்கொண்டிருந்தான். அவர் தரையில் மண்டிபோட்டு, மேஜையின் கூர்முனைக்குத் துணி சுற்றித் தைத்துக்கொண்டிருந்தார்.

"காலைலருந்து தவழுறான்," என்றார் நிமிராமல். "ரூம் பத்தல."

நான் பழக்கதோஷத்தில் கோட்டுக்கு வெளியிலேயே நின்றேன். பையை மாட்டிய தோள், கழுவாத கை, மீன் நாற்றம் பிடித்த சட்டை. பக்கத்தில் அண்ணி.

அவர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். காது சிவந்திருந்தது.

"நீங்க தாண்டி வரலாம்," என்றார்.

எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் என்னை நீங்க என்று கூப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செருப்பைக் கழற்றினேன். கோடு அழியாமல் காலைத் தூக்கி வைத்தேன். பையன் என்னைப் பார்த்ததும் ஒரு கத்துக் கத்திவிட்டு, ஒரு கையை முன்னே வைத்தான், அப்புறம் மறு கை, அப்புறம் முழங்கால். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அவன் வந்து சேருகிறவரை காத்திருந்தேன்.